தேய்வது குற்றமா?

எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் இங்கிலீஷ் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவாள். கதை எழுதுகிறவனுக்குச் சாயங்கால வேளையில் வேறு வேலை ஒன்றும் இராது என்பது அவளுடைய தாயாரின் அபிப்பிராயம். அதை மறுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

ஐப்பசி பிறப்பதற்குச் சில நாள் முன்பு ஒரு சாயங்காலம் வந்தவளுடைய முகம் வாடியிருந்தது. நோட்டை என் முன்னால் விரித்தாள். ‘வோர்ன் அவுட் ஷூஸ்’ என்று ஒரு தொடர். அதைத் தமிழில் எழுத வேண்டும். ‘வேர்’ என்றால் அணிவது. ‘வோர்ன்’ என்றால் அணிந்த. ‘அவுட்’ என்றால் வெளியே. ஆகவே, “வெளியே அணிந்துகொண்டு போன செருப்பு” என்று குழந்தை எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையினால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், “தேய்ந்துபோன செருப்பு என்று எழுதவேண்டும். அணிதல் வேறு, தேய்தல் வேறு. இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்” என்று ஆசிரியரின் உபதேசம்.

“தப்புன்னு தெரியுது மாமா. ஆனா வார்த்தை ஒண்ணுதானே? அப்புறம் எப்படி வேற வேறயாகும்?” என்று கேட்டாள்.

சிரித்துவிட்டு, “ஆசிரியர் சொன்னபடி எழுதிக்கொள் அம்மா” என்று அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் அனுப்பினேன். ஆனால், அவள் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியரின் மேல் அல்ல. அவர் நாற்பது நோட்டுகளைத் திருத்தியாக வேண்டிய மனிதர். “அணிதல் வேறு, தேய்தல் வேறு” என்ற அந்த நான்கு சொற்களின் மேல்தான் கோபம். நம் காலத்துக்குப் பிடித்தமான ஒரு பொய் அந்த நான்கு சொற்களுக்குள் சௌகரியமாகக் குடியிருக்கிறது. அதை வெளியே இழுத்துப் போடத்தான் இந்தக் கட்டுரை.

நான் பண்டிதன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவன். ஆனால், சொற்களை விற்றுப் பிழைப்பவன் தன் சரக்கைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? அகராதியை எடுத்து ‘வேர்’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டினேன்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் அது ‘வெரியன்’. பொருள், உடுத்துவது. உடுத்துவது மட்டுமே, தேய்வது என்ற பேச்சே அதில் கிடையாது. இன்னும் மேலே போனால் கோதிக் மொழியில் ‘வஸ்யன்’. லத்தீனில் உடைக்கு ‘வெஸ்டிஸ்’. அந்தக் குடும்பத்தின் கிழக்குக் கிளைதான் சமஸ்கிருதத்தின் ‘வஸ்த்ர’. ஆமாம், நாம் கோயிலில் சாமிக்குச் சாத்துகிறோமே, அந்த வஸ்திரத்துக்கும் ஆங்கிலேயனின் ‘வேர்’ என்ற சொல்லுக்கும் பாட்டி ஒருத்திதான். இடையில் இருந்த ‘ஸ’ அந்தப் பக்கத்தில் உராய்ந்து உராய்ந்து ‘ர’ ஆகிவிட்டது.

தேய்வது எப்போது வந்து சேர்ந்தது? 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில். யாரும் சபை கூட்டித் தீர்மானம் போட்டுச் சேர்க்கவில்லை. உடுத்தினால் தேயும், வேறு வழி இல்லை. அன்றைய ஆங்கிலக் குடியானவனிடம் கம்பளித் துணியில் தைத்த ஒரு மேலங்கி இருந்தால் அதிகம். அவன் மனைவி நூற்று, அடுத்த தெருக்காரன் நெய்து, ஆற்றங்கரைக்காரன் துவைத்து இறுக்கிக் கொடுத்த துணி அது. அதைத்தான் உழும்போதும் உடுத்துவான், மாதா கோயிலுக்குப் போகும்போதும் உடுத்துவான். முழங்கை ஒரு வருஷத்தில் மெலியும். தோள் மறு வருஷத்தில் மெலியும். அவன் கண்ணெதிரே நடந்தது ஒரே ஒரு காரியம். அதன் முதல் பாதிக்கு உடுத்துதல் என்று பெயர், மறு பாதிக்குத் தேய்தல் என்று பெயர். ஒரே காரியத்துக்கு இரண்டு சொல் எதற்கு என்று அவன் ஒரு சொல்லையே இரண்டுக்கும் வைத்துக்கொண்டான்.

இன்னொரு வேடிக்கை உண்டு. இந்தச் சொல்லின் இறந்தகாலம் ஆதியில் ‘வோர்’ அல்ல. ‘வெரெடே’ என்று சாதுவாக இருந்தது. ‘டேர்’ என்றால் கிழிப்பது. அதன் இறந்தகாலம் ‘டோர்’. ‘பேர்’ என்றால் சுமப்பது, அதற்கு ‘போர்’. இந்தச் சொற்களோடு ஒரே தெருவில் பழகிப் பழகி, 14-ஆம் நூற்றாண்டில் நம்முடைய சொல்லும் ‘வோர்’, ‘வோர்ன்’ என்று அவற்றின் ஜாடையை ஏற்றுக்கொண்டது. சுமக்கிறவனோடும் கிழிக்கிறவனோடும் சேர்ந்தால் பிறகு என்ன ஆகும்?

அந்தக் காலத்தில் துணிக்கு இருந்த மதிப்பு நமக்கு எளிதில் புரியாது. புரிய வேண்டுமானால் ‘ரோப்’ என்ற சொல்லைப் பாருங்கள். நீதிபதி அணியும் அங்கி, பட்டம் வாங்கும் மாணவன் போட்டுக்கொள்ளும் அங்கி. எவ்வளவு கௌரவமான சொல்! ஆனால், இதற்கும் கொள்ளையடிப்பது என்று பொருள்படும் ‘ராப்’ என்ற சொல்லுக்கும் ரத்த சம்பந்தம். பழைய ஆங்கிலத்தில் ‘ரேஆஃப்’ என்றால் கொள்ளைப் பொருள் என்றும் அர்த்தம், உடை என்றும் அர்த்தம். யுத்தத்தில் விழுந்தவன் மேலிருந்து முதலில் உரித்தெடுக்க வேண்டியது அவன் உடுப்புத்தான். 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் நடந்ததைத் தையல் வேலையில் சித்திரித்த பேயூ திரைச்சீலை இருக்கிறதே, அதன் கீழ்க்கரையில், செத்த வீரர்களின் இரும்புச் சட்டையைத் தலை வழியாக உருவுகிற காட்சியை இன்றும் காணலாம். உறவினரை இழந்து நிற்பவரை ‘பிரீவ்ட்’ என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான். பறிகொடுத்தவர் என்று பொருள்.

கொள்ளைக்காரன் மட்டும் அல்ல, கவிஞனும் துணியை மதித்தான். 1616-இல் எழுதிய உயிலில் ஷேக்ஸ்பியர் தம் சகோதரி ஜோனுக்கு 20 பவுன் பணத்தோடு, தாம் உடுத்தும் உடைகள் அனைத்தையும் எழுதி வைத்தார். உலக மகாகவி, உடுத்திய சட்டையை உயிலில் எழுதுகிறார்! இன்று யாராவது தன் பழைய சட்டையைத் தங்கைக்கு உயிலில் எழுதினால் தங்கையின் குடும்பம் வக்கீலைத்தான் தேடும்.

இங்கே ஒரு அன்பர் குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். அவரை ஒரு இலக்கியக் கூட்டத்தில் சந்தித்திருக்கிறேன். “சொல்லின் பிறவிப் பொருளே மெய்ப்பொருள், பிற்பாடு வந்து சேர்ந்ததெல்லாம் சிதைவு. சிதைவை நீக்கிச் சொல்லைப் பழைய தூய்மைக்குக் கொண்டுவர வேண்டும்” என்று மேஜையைத் தட்டிப் பேசினார். அவருடைய கணக்குப்படி, ‘வேர்’ என்பதற்கு உடுத்துதல் மெய்ப்பொருள், தேய்தல் சிதைவு.

அன்பரே, உம்முடைய தர்க்கத்தோடு லண்டனுக்குப் போய், ஒரு நண்பரிடம், “உங்கள் ‘ஷ்ரௌட்’ மிக அழகாக இருக்கிறது” என்று சொல்லிப் பாரும். அடி விழாவிட்டால் அதிர்ஷ்டம். இன்றைய ஆங்கிலத்தில் ‘ஷ்ரௌட்’ என்றால் பிணத்தைப் போர்த்தும் துணி. ஆனால், அதன் பிறவிப் பொருள் அது அல்ல. பழைய ஆங்கிலத்தின் ‘ஸ்க்ரூட்’ என்றால் எந்த உடையும்தான். குழந்தையின் சட்டையும் ஸ்க்ரூட், மணப்பெண்ணின் உடையும் ஸ்க்ரூட். 16-ஆம் நூற்றாண்டில்தான் அது சவத்துணி என்று குறுகியது. ‘வீட்ஸ்’ என்று இன்னொரு சொல். அதுவும் ஒரு காலத்தில் எல்லா உடைக்கும் பொது. ஷேக்ஸ்பியரின் பாத்திரங்கள்கூட அப்படித்தான் பேசுகிறார்கள். வரவர அது விதவையின் கறுப்பு உடையாகத் தேய்ந்தது. இன்று அதுவும் அபூர்வமாகிவிட்டது. தோட்டத்துக் களையைக் குறிக்கும் வேறொரு ‘வீட்’ அதன் இடத்தில் முளைத்து நிற்கிறது.

சொல் ஏன் இப்படித் தேய்கிறது? ஜனங்கள் அதை உடுத்துவதனால்தான். துக்கத்தில் உடுத்திய சொல் துக்கத்தின் வடிவத்தை ஏற்கிறது. சவத்துணியைப் பற்றி அரசாங்கமே சட்டம் போட்ட நாடு அது. 1666-இலும் பிறகு 1678-இலும் இங்கிலாந்துப் பாராளுமன்றம், செத்தவர்களை ஆங்கிலக் கம்பளியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும் என்று விதித்தது. மீறினால் 5 பவுன் அபராதம். பிளேக் நோயில் செத்தவர்களுக்கு மட்டும் விலக்கு. கம்பளி வியாபாரம் தழைக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் போதவில்லை என்று பிணங்களையும் வாடிக்கைக்காரர்கள் ஆக்கினார்கள். அந்தச் சட்டம் 1814-இல்தான் ஒழிந்தது. வியாபாரிக்கு எப்போதுமே தேய்மானம் மெதுவாக நடப்பதில் பொறுமை கிடையாது. மண்ணுக்குள் போகிற துணிதான் அவனுக்கு உத்தமமான துணி. அது திரும்பி வராது.

இந்த வியாபாரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவான்.

தேய்ந்த துணியை மரியாதையோடு பார்த்த சொல்லும் ஆங்கிலத்தில் இருந்தது. ‘த்ரெட்பேர்’. நூல் தெரிகிற என்று பொருள். நல்ல கம்பளித் துணியின்மேல் பூனை மயிர்போல் மெல்லிய ரோமம் படிந்திருக்கும். அதை முள்செடியின் காயால் வாரி எழுப்பி, கத்தரியால் சமன் செய்து கொடுப்பது ஒரு தனித் தொழில். உடுத்த உடுத்த அந்த ரோமம் உதிரும். கடைசியில் பாவும் ஊடையும் வெட்கமில்லாமல் வெளியே தெரியும். அதுதான் த்ரெட்பேர். 14-ஆம் நூற்றாண்டில் சாஸர் தம்முடைய ‘காண்டர்பரி கதைகளி’ல் யாருக்கு இந்தச் சொல்லைச் சூட்டினார் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் ஒருவனுக்கு. பட்டு அங்கியைவிடக் கட்டில் தலைமாட்டில் இருபது புத்தகங்கள் இருப்பதே மேல் என்று நினைத்தவன் அவன். அவனுடைய மேற்சட்டை நூல் தெரியத் தேய்ந்திருந்தது என்கிறார். அதில் கேலி இல்லை. அவன் பணம் எங்கே போயிற்று என்பதற்குச் சாட்சி மட்டும்தான் இருக்கிறது.

கேலி பிற்பாடு வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ‘ஷாபி’ என்று ஒரு சொல் கிளம்பிற்று. உடை மங்கியவனைக் குறிக்கும் சொல். அதன் மூலம் என்ன தெரியுமா? சொறி. சிரங்கின்மேல் கட்டும் பொருக்கு. பழைய சட்டை போட்டவன் சொறி பிடித்தவன்! ஒரு சமூகம் ஏழையைப் பார்க்கும் பார்வை எப்போது மாறியது என்று சரித்திர ஆசிரியர்கள் ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. ‘ஷாடி’ என்றால் இன்று மட்டமான வேலை, ஏமாற்றுச் சரக்கு. நம் ஊர் ஆபீஸ்களில்கூட மேலதிகாரிகள் இந்தச் சொல்லை வீசுகிறார்கள். ஆனால், ஷாடி என்பது உண்மையில் ஒரு துணியின் பெயர். 1813 வாக்கில் யார்க்‌ஷயரில் பாட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் ஒரு காரியம் செய்தார். கந்தல் கம்பளியைக் கிழித்து மறுபடியும் பஞ்சாக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்று, துணியாக நெய்தார். அந்தத் துணிதான் ஷாடி. செத்த துணிக்கு மறுஜன்மம் கொடுத்தார்! குளிரில் நடுங்கிய எத்தனையோ ஏழைகள் அந்தத் துணியைப் போர்த்தினார்கள். பாட்லியும் அடுத்த ஊரான ட்யூஸ்பரியும் அதனால் வாழ்ந்தன.

பிறகு 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. ராணுவத்துக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கும் காண்டிராக்டுக்காரர்கள் சிலர், நல்ல கம்பளிக்கு விலை வாங்கிக்கொண்டு, மட்டமான ஷாடியை ஒட்டித் தைத்துத் தள்ளினார்கள். மழை பெய்ததும் சிப்பாய்களின் மேல் உடுப்புப் பிய்ந்து விழுந்தது. திருடியவன் காண்டிராக்டுக்காரன், கெட்ட பெயர் துணிக்கு! அன்று முதல் ஷாடி என்றால் வசவு. எந்த அகராதியாவது ‘காண்டிராக்ட்’ என்ற சொல்லுக்கு ‘மழையில் பிய்ந்து விழுவது’ என்று பொருள் எழுதியிருக்கிறதா? இல்லை. கந்தலுக்குத்தான் வக்கீல் கிடையாது. இன்று அதே தொழில் நம் நாட்டில் ஹரியானாவில் உள்ள பானிபட்டில் நடக்கிறது. மேல்நாட்டார் கழித்துக் கட்டிய கம்பளிகள் அங்கே வந்து குவிந்து, கிழிபட்டு, நூலாகிப் போர்வையாகின்றன. அந்தப் போர்வையில் படுத்துத் தூங்குகிறவனுக்கு ஷாடி என்பது வசவு என்று யாரும் சொல்லாமல் இருப்பது நல்லது.

இனி, அந்த வியாபாரிக்கு வருவோம்.

அவன் நம்மிடம் சொல்வதும் அந்த நோட்டுப் புத்தகத்துச் சிவப்பு மை சொல்வதும் ஒன்றுதான்: அணிதல் வேறு, தேய்தல் வேறு. “நீங்கள் அணியுங்கள், தேய்வதற்குள் அடுத்ததை வாங்குங்கள்.” மடிப்புக் கலையாத சட்டைகள் பீரோவில் தொங்கும்போதே புதுச் சட்டை வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் காலர் நைந்த சட்டை போட்டவர்களோடு நின்று பேசவே கூசுவார். தேய்மானம் என்றால் ஏதோ தொத்து வியாதி என்று நினைப்பு.

சரி, தேய்மானத்தை வெறுக்கிறார்கள் என்று பார்த்தால், அதுவும் இல்லை! தேய்ந்ததுபோல் காட்டும் துணியை அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். முழங்காலில் வெளுத்து, தொடையில் நைந்து, இரண்டு மூன்று இடத்தில் கிழிந்த ஜீன்ஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. உடுத்தாமலே தேய்ந்த துணி. உழாமலே அறுவடை. அதை யார் தேய்த்தார்கள் என்று நாம் கேட்டோமா?

துருக்கியில் நடந்ததைச் சொல்கிறேன். ஜீன்ஸ் துணியைப் பழசாகக் காட்டுவதற்காக, அழுத்தக் காற்றில் மணலை வைத்து அதன்மேல் பீய்ச்சி அடிப்பார்கள். மூடிய அறைகளில், சரியான முகமூடி இல்லாமல், இளைஞர்கள் நாள் முழுவதும் இந்த வேலையைச் செய்தார்கள். மணல் தூள் மூச்சோடு உள்ளே போயிற்று. சுரங்கத்தில் பல வருஷம் வேலை செய்தவர்களுக்கு வருகிற சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் வியாதி, சில வருஷங்களே வேலை செய்த இந்தப் பையன்களுக்கு வந்தது. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வைத்தியர்கள் கண்டுபிடித்துக் கூக்குரல் எழுப்பி, 2009-இல் துருக்கி அரசாங்கம் அந்த முறையைத் தடை செய்தது. அதற்குள் பல பேர் செத்துப்போனார்கள்.

இப்போது சொல்லுங்கள், அணிதல் வேறா, தேய்தல் வேறா? வேறு என்று பிரித்தால் பிரியும். அணிகிறவன் ஒருவனாகவும் தேய்கிறவன் வேறொருவனாகவும் பிரியும். நம் முழங்கால் பத்து வருஷத்தில் செய்திருக்க வேண்டிய வேலையை யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளையின் நுரையீரல் பத்து நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடும். தேய்மானத்தை உலகத்திலிருந்து ஒழிக்க யாராலும் முடியாது. அதை அடுத்தவன் தலையில் தள்ளிவிட முடியும், அவ்வளவுதான். ஒரே துணியைப் பத்து வருஷம் உடுத்திய அந்த ஆங்கிலக் குடியானவன் இந்த உண்மையை ஒரு சொல்லுக்குள் முடிந்து வைத்திருந்தான். உடுத்துகிறவனே தேய்க்கட்டும் என்பதுதான் அந்தச் சொல்லின் நியாயம்.

“ஐயா, நீர் வறுமைக்குக் கோயில் கட்டுகிறீர். கந்தலில் என்ன பெருமை?” என்று கேட்பீர்கள். கந்தலில் பெருமை ஒன்றும் இல்லை. ஒரே வேட்டியை இரவில் துவைத்துக் காயப்போட்டு, காலையில் ஈரத்தோடு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். மாற்று வேட்டி வேண்டும் என்று அழுதிருக்கிறேன். எல்லாருக்கும் மாற்றுத் துணி வேண்டும். நல்ல துணி வேண்டும். நான் கேட்பதெல்லாம், துணி தன் ஆயுளை வாழட்டும் என்பதுதான். அற்பாயுளில் சாகும் துணிக்குப் பின்னால் அற்பாயுளில் சாகும் மனிதன் ஒருவன் நிற்கிறான் என்பதைக் கண்டுகொள்ளுங்கள் என்பதுதான்.

சட்டம்கூட இதை ஒப்புக்கொள்கிறது. வாடகைப் பத்திரத்தில் ஒரு வாசகம் வரும். ஆங்கிலத்தில் ‘ஃபேர் வேர் அண்டு டேர்’ என்பார்கள். குடியிருந்ததனால் இயல்பாக உண்டான தேய்மானத்துக்குக் குடித்தனக்காரன் பொறுப்பல்ல என்று அர்த்தம். பூசிய சுண்ணாம்பு மங்கும், வாசற்படி வழுவழுப்பாகும். அது குற்றமல்ல, வாழ்ந்ததற்கு அடையாளம் என்று சட்டம் சொல்லிவிட்டது. வீட்டுக்காரர்களுக்குத்தான் அது இன்னும் புரியவில்லை.

தமிழில் உடுத்துவதற்கும் தேய்வதற்கும் தனித்தனிச் சொல் இருக்கிறதே, அப்படியானால் நமக்கு இந்த ஞானம் இல்லையா என்று சிலர் கவலைப்படலாம். கவலை வேண்டாம். என் பாட்டி யாருக்குப் புதுத்துணி கொடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்லுவாள்: “நல்லாக் கட்டிக் கிழி!” சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. புதுத் துணியைக் கிழிக்கச் சொல்கிறாளே என்று நினைத்தேன். இந்தத் துணி கிழிகிற வரைக்கும் நீ இருக்க வேண்டும், இது உன் உடம்பிலேயே தேய வேண்டும் என்பதுதான் அவள் சொன்னது. ஆங்கிலத்துக்கு ஒரு சொல். பாட்டிக்கு இரண்டு சொல். விஷயம் ஒன்றுதான்.

தீபாவளியன்று காலையில் எதிர் வீட்டுப் பெண் புதுப் பட்டுப் பாவாடையோடு வந்து நமஸ்காரம் செய்தாள். பின்னாலேயே அவள் தாயார் பட்சணத் தட்டோடு நின்றாள். “உன் பதில் தப்புத்தான் அம்மா; ஆனால் உன் சந்தேகம் ரொம்பச் சரி” என்று சொல்லிவிட்டு, பாட்டியை நினைத்துக்கொண்டு, “நன்றாகக் கட்டிக் கிழி!” என்று ஆசீர்வாதம் செய்தேன்.

தாயாருக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இந்த எழுத்தாளர் இப்படியா பேசுவது என்று நினைத்திருப்பாள். குழந்தை மட்டும் சிரித்தாள். “சரி மாமா, கிழிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வெடி கொளுத்த ஓடினாள்.